செங்கலா வந்த கம்பு ரொட்டி

கரிசக்காட்டுல கம்பு வெதைக்கிறவனுக்கும் ரொட்டி மிஷினுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு. எங்கிட்ட மாவு வாங்குறவங்க முன்னெல்லாம் கூழ் எப்படிக் காய்ச்சுறதுன்னு கேட்டு போன் பண்ணுவாங்க. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுக்கு அப்புறம் வாங்குற ஆளும் மாறிட்டாங்க, கேள்வியும் மாறிப்போச்சு. "அண்ணே, பிரட் மேக்கர்ல உங்க கம்பு மாவைப் போட்டேன். செங்கல் மாதிரி வந்திருக்கு. மாவு சரியில்லையா?" வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படிக் கேக்குறாங்க.

சென்னையில இருக்கிற எங்க அக்கா மக இன்னும் ஒரு படி மேல. "மாமா, ரெண்டு தடவை செஞ்சு ரெண்டு தடவையும் குப்பையில போட்டேன். புள்ளைக்கு டிபனுக்குக் கட்டிக் குடுக்கணும், காலையில ஏழு மணிக்கு வேன் வந்துரும். தோசை ஊத்த எனக்கு நேரம் இல்ல. உங்க கம்புல என்னதான் கோளாறு, சொல்லுங்க"ன்னு ஒரே பிடியாப் பிடிச்சுக்கிட்டா. "தாயி, கம்புல கோளாறு இல்ல. அதுகிட்ட நீ கேக்குற வேலைதான் அதுக்குத் தெரியாத வேலை"ன்னு சொன்னேன். அன்னைக்கு அவகிட்ட விளக்கிச் சொன்னதைத்தான் இங்க எல்லாருக்குமா எழுதுறேன்.

பரோட்டாக் கடையில மாஸ்டர் மாவை வீசுறதைப் பாத்திருப்பீங்க. அந்த உருண்டை விரிஞ்சு விரிஞ்சு, கடைசியில அந்தப் பக்கம் இருக்கிறது தெரியுற அளவுக்குத் துணி மாதிரி ஆயிரும். கிழியாது. கோதுமையில இருக்கிற ரெண்டு புரதம் தண்ணி பட்டுப் பிசையப் பிசைய ஒண்ணோடொண்ணு பின்னி ரப்பர் மாதிரி ஆகுது. அதுக்குப் பேருதான் குளூட்டன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு காத்தை விடும்போது, அந்தக் காத்தைப் பலூன் மாதிரி பிடிச்சு வைக்கிறது இதுதான். ரொட்டி உப்புறது இதனாலதான்.

கம்பு மாவைப் பிசைஞ்சு வீசிப் பாருங்க, கையோட உதிர்ந்து போகும். கம்புல குளூட்டன் கிடையாது. சோளம், குதிரைவாலி, தினை, வரகு எதுலயும் கிடையாது. ஈஸ்ட் என்னவோ காத்தை விடத்தான் செய்யும். பிடிச்சு வைக்க ஆள் இல்லாததால அது வெளியே போயிரும். மிஷின் மூணு மணி நேரம் சுத்தி, சூடாக்கி, மணியடிச்சுக் குடுக்கிறது வெந்த மாவுக்கட்டிதான்.

"இட்லிக்கும் குளூட்டன் இல்லையே, அது எப்படி உப்புது?"ன்னு அக்கா மக கேட்டா. நல்ல கேள்வி. அங்க அந்த வேலையைச் செய்யுறது உளுந்து. உளுந்தை அரைக்கும்போது பந்து மாதிரி பொங்கி, கையில வழவழன்னு ஒட்டுதுல்ல, அந்தப் பசைதான் காத்தைப் பிடிச்சு வைக்குது. எங்க கரிசல்ல கம்பும் விளையுது, உளுந்தும் விளையுது. ரெண்டையும் சேத்து அரைச்சா இட்லியும் தோசையும் நல்லாவே வரும். ஆனா மிஷினுக்குள்ள அந்த மாவு நிக்காது.

அதனால முதல் விதி, முழுக்கக் கம்பு மாவுல உப்பின ரொட்டி எதிர்பாக்காதீங்க. மொத்த மாவுல நாலுல ஒரு பங்கு கம்பு, மிச்சம் மூணு பங்கு கோதுமையோ மைதாவோ. அதுக்கு மேல கம்பைக் கூட்டுனா ரொட்டி இறுகத்தான் செய்யும்.

ரெண்டாவது, டம்ளர்ல அளக்காதீங்க. பொலபொலன்னு போட்டா ஒரு கப் மாவு 120 கிராம் இருக்கும், அமுக்கி மொண்டா 150 தாண்டும். மூணு கப்புக்குக் கிட்டத்தட்ட 100 கிராம் வித்தியாசம். தண்ணி அதே அளவு, மாவு மட்டும் கூட. அப்ப ரொட்டி கல்லாகாம என்ன செய்யும்? சின்னத் தராசு ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

மூணாவது, பதம். இது எங்களுக்குப் பழகின சமாச்சாரம். மழை பேஞ்ச மறுநாள் கரிசல்ல ஏர் பூட்ட முடியாது, மண்ணு கொழுவுல அப்பிக்கிட்டே வரும். ரொம்பக் காயவிட்டாலும் கட்டி கட்டியாப் பெயரும். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாத்துத்தான் "பதம் வந்திருச்சு"ன்னு உழவுக்குப் போவோம். மிஷின் பிசைய ஆரம்பிச்ச முதல் பத்து நிமிஷத்துல மூடியைத் திறந்து பாருங்க, ஒண்ணும் ஆகாது. மாவு ஒரே உருண்டையாத் திரண்டு, விரலை வச்சா லேசா ஒட்டி விடணும். வரண்டு பிளந்து கிடந்தா ஒவ்வொரு ஸ்பூனாத் தண்ணி விடுங்க. சேறு மாதிரி பரவிக் கிடந்தா ஒரு ஸ்பூன் மாவு. ஓரத்துல மாவு ஒட்டாம நின்னா கரண்டியால வழிச்சு விடுங்க. ஆட்டா மாவு மைதாவை விட அதிகமாத் தண்ணி குடிக்கும், கம்பும் மெதுவாத்தான் குடிக்கும். அதனால முதல்ல கொஞ்சம் இளக்கமாத் தெரிஞ்சா பயப்பட வேண்டாம். வேக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மட்டும் மூடியைத் தொடாதீங்க.

நாலாவது, ஈஸ்ட். டப்பாவைத் திறந்து மாசக்கணக்காச்சுன்னா சந்தேகப்படுங்க. கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சிட்டிகை சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிஷம் வைங்க. நுரை கட்டலைன்னா அது செத்துப்போச்சு. கொதிக்கிற தண்ணியில போட்டாலும் சாகும், 60 டிகிரியை அது தாங்காது. உப்பையும் ஈஸ்ட்டையும் ஒரே இடத்துல கொட்டாம ஆளுக்கொரு மூலையில போடுங்க.

அஞ்சாவது, நம்ம வெயில். ரொட்டி மிஷினோட வர்ற புத்தகம் குளிர் ஊருக்காரங்களை நினைச்சு எழுதுனது. சித்திரை மாசம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணி கையைச் சுடும். அந்தத் தண்ணியை விட்டா மாவு அவசரமாப் பொங்கி, வேகுறதுக்கு முன்னாலேயே அமுங்கிரும். வெயில் காலத்துல ஃபிரிட்ஜ் தண்ணி விடுங்க, ஈஸ்ட்டைக் கொஞ்சம் குறைங்க.

ரொட்டியைப் பாத்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். எழும்பவே இல்லாம மொத்தமா இறுகிக் கிடந்தா, தண்ணி குறைவு இல்லைன்னா ஈஸ்ட் செத்தது. எழும்பி நடுவுல குழி விழுந்திருந்தா தண்ணியோ ஈஸ்ட்டோ சூடோ கூடிப்போச்சு. அடியில மட்டும் பிசுபிசுன்னு இருந்தா, வெந்த உடனே எடுக்காம பாத்திரத்துலயே வேர்க்க விட்டிருப்பீங்க, இல்லைன்னா சூட்டோட அறுத்திருப்பீங்க. எடுத்துக் கம்பித்தட்டுல ஒரு மணி நேரம் ஆறவிட்டு அப்புறம் கத்தியை வைங்க.

அக்கா மக வீட்டுல இப்போ ஒழுங்கா வர்ற அளவு இது. மைதா 300 கிராம், கம்பு மாவு 100 கிராம், தண்ணி 280 மில்லி, ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், நாட்டுச்சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, கடலெண்ணெய் ரெண்டு மேசைக்கரண்டி. மைதா வேண்டாம்னா பாதி ஆட்டா போட்டு, தண்ணியை இன்னும் 20 மில்லி கூட்டிக்கோங்க. அவ செய்யுற இன்னொரு வேலையும் நல்ல வேலை. அந்த 100 கிராம் கம்புல 30 கிராமை எடுத்து, 280 மில்லி தண்ணியில 150-ஐ விட்டுக் கூழாக் கிண்டி, நல்லா ஆறவச்சு மிஷின்ல சேக்குறா. வெந்த மாவு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிறதால ரொட்டி மறுநாளும் மெத்துன்னு இருக்கு. நம்ம கூழ்தான், வேற ஒண்ணும் இல்ல.

மாவு விஷயத்துல ஒரே ஒரு எச்சரிக்கை. கம்புல எண்ணெய்ச் சத்து கூட. அரைச்சு வச்ச மாவு ஒரு வாரம் பத்து நாள்ல கசக்க ஆரம்பிச்சிரும். தானியமா வாங்கி லேசா வறுத்து, தேவைக்கு அரைச்சு, நைசாச் சலிச்சுக்கோங்க. குருணை இருந்தா அது குளூட்டன் இழையை அறுத்துவிட்டுரும். கோதுமை ஒத்துக்காதவங்களுக்கு இந்த ரொட்டி ஆகாது. அவங்களுக்குக் கம்பங்கூழும் கம்பு உளுந்து தோசையும்தான் சரி.

அமுங்கின ரொட்டி எல்லாமே தோத்துப்போன ரொட்டின்னும் சொல்ல முடியாது. ஜெர்மனியில கோதுமைக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ரை-ன்னு ஒரு தானியத்துல கறுப்பா, கனமா ரொட்டி சுட்டு, மெல்லிசா அறுத்து ரசிச்சுத் திங்கிறாங்க. ராஜஸ்தான், குஜராத்துல கம்பை உள்ளங்கையில தட்டி ரொட்டி போடுறாங்க. எத்தியோப்பியாவுல டெஃப் மாவைப் புளிக்க வச்சு தோசை மாதிரி ஊத்துறாங்க. கோதுமை மாதிரி உப்பாத தானியத்துக்கு என்ன வருமோ அதை அந்தந்த ஊருக்காரங்க கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. எங்க ஆத்தாவும் அப்படித்தான். கம்பைக் குத்தி, சோறு காய்ச்சி, உருண்டை பிடிச்சுத் தண்ணிக்குள்ள போட்டு வைக்கும். காலையில மோர் விட்டுக் கரைச்சா அன்னைக்கு முழுக்கக் காட்டு வேலைக்குத் தாங்கும்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கு. போன மாசம் சென்னையில ஒரு கடைக்காரர் பேசுனார். "மைதாவை முக்கால் பங்கு நீங்களே கலந்து, கம்பு ரொட்டி மாவுன்னு பாக்கெட் போட்டு அனுப்புங்க. நல்லா உப்பும், யாரும் குறை சொல்ல மாட்டாங்க, மாசம் 200 கிலோ எடுத்துக்கிறேன்"னார். மைதாவைப் பாக்கெட்ல எழுதலாமான்னு கேட்டேன். பின்னால சின்ன எழுத்துல எழுதிக்கோங்கன்னார். முடியாதுன்னுட்டேன். பாக்கெட் வாங்கும்போது நீங்களும் பின்பக்கத்தைப் பாருங்க. எது அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும்னு சட்டம். முன்னால என்ன படம் போட்டிருந்தாலும் பின்னால மைதா முதல்ல இருந்தா அது மைதா ரொட்டிதான். நான் மேல சொன்னதும் முக்கால் பங்கு மைதா ரொட்டிதான். தெரிஞ்சு செய்யுறீங்க, அவ்வளவுதான்.

பக்கத்துக் காட்டு அண்ணாச்சிக்கு என் பேச்சுல நம்பிக்கை இல்ல. "200 கிலோவை வேண்டாம்னு சொல்லுறியே, ரெண்டு கிலோ வாங்குறவனை நம்பியா கம்பு வெதைக்கப் போற? பேசாம மக்காச்சோளத்தைப் போடு, நாமக்கல் கோழிக்கு லாரி லாரியாப் போகுது"ன்னார். அவர் சொல்லுறதும் நிசம்தான். 2018-ல படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோட தின்னுட்டுப் போன பிறகும், மறு வருஷம் எங்க பக்கம் எல்லாரும் அதைத்தான் வெதைச்சாங்க. வாங்க ஆள் இருக்கு. கம்புக்கு வாங்க ஆளைத் தேடணும். குருவிக்கும் மயிலுக்கும் போக மிச்சத்தை எடுக்கணும்.

ஒரு தடவை ரொட்டி கல்லாப் போனா, அந்த வீட்டுல மறுபடி கம்பு வாங்க மாட்டாங்க. நீங்க வாங்கலைன்னா நானும் வெதைக்க முடியாது. அதனால இப்போ ஒவ்வொரு பார்சலுக்குள்ளேயும் மேல சொன்ன அளவை ஒரு சீட்டுல அச்சடிச்சு வைக்கிறேன். "கம்பு மட்டும் போட்டா உப்பாது"ன்னு முதல் வரியிலேயே இருக்கும்.

புரட்டாசி நெருங்குது. நாலு ஏக்கர் மானாவாரியில ரெண்டு ஏக்கர் கம்பு, ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம்னு முடிவு பண்ணியிருக்கேன். தை மாசம் கம்பு களத்துக்கு வந்ததும் எழுதுறேன். மாவா கேக்காதீங்க, தானியமா வாங்கிக்கோங்க.