தழும்பில்லாத வயிறு

ஜூலை 7
ராத்திரி டூட்டி. ஐம்பது வயது லாரி டிரைவர். நேற்றிலிருந்து வயிறு ஊதிப் பச்சையாக வாந்தி, காற்றுகூடப் பிரியவில்லை. எக்ஸ்ரே பார்த்ததும் தெரிந்துவிட்டது, குடலடைப்பு. ஏன் என்பதுதான் விளங்கவில்லை. பெரியவர்களுக்குச் சிறுகுடல் அடைத்தால் முதலில் பழைய ஆபரேஷன் தழும்பைத் தேடுவோம்; உள்ளே குடல் ஒட்டிக்கொள்ளும் அட்ஹெஷன்தான் பெரும்பாலும் காரணம். இவருக்குத் தழும்பே இல்லை, குடலிறக்கமும் இல்லை. "ஆஸ்பத்திரி வாசல்கூட மிதிக்காத மனுசன்மா" என்று அழுகிறார் மனைவி.

ஜூலை 8
சி.டி.யில் வலது அடிவயிற்றில் குடல் சட்டென்று குறுகும் இடம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. அட்ஹெஷன் என்றால் மூக்கில் டியூப் போட்டு ஓரிரு நாள் பொறுக்கலாம், பல சமயம் தானாக விடும். இவருக்குப் பொறுக்கக்கூடாது என்றார் சீஃப். நாடி 120, வலியும் ஏறிக்கொண்டே போனது. காலையிலேயே வயிற்றைத் திறந்தோம்.

தொப்புளின் உட்புறத்திலிருந்து ஒரு நார். அதன் மறுமுனை, பெருங்குடல் தொடங்கும் இடத்துக்குச் சுமார் இரண்டடி முன்னால், சிறுகுடலில் விரல்போல் துருத்திய பையின் நுனியில். மெக்கெல் பை! நாரைச் சுற்றிக் குடல் முறுக்கிக் கருநீலமாகக் கிடந்தது. நாரை வெட்டி, முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான சலைன் துணியால் மூடிக் காத்திருந்தோம். யாரும் பேசவில்லை. மெதுவாகச் சிவப்பேறியது. பையைக் கொஞ்சம் குடலோடு வெட்டியெடுத்து இணைத்தோம்.

ஜூலை 9
கருவில் குடலையும் மஞ்சள்கருப் பையையும் இணைக்கும் குழாய் ஏழாவது வார வாக்கில் மறைந்துவிட வேண்டும். நூறில் சுமார் 2 பேருக்கு மிச்சம் தங்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஹாலே நகரத்து யோஹான் ஃபிரீட்ரிஷ் மெக்கெல் 1809இல் இதை விளக்கினார். பெரும்பாலோர் அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். குழந்தைகளுக்கு ரத்தப்போக்கு அதிகம். பைக்குள் இரைப்பைச் சவ்வு இருந்தால் அது அமிலம் சுரந்து குடலைப் புண்ணாக்கும். பெரியவர்களுக்கு அடைப்பு, அல்லது அப்பென்டிசைட்டிஸ் மாதிரியே வலி. இன்னும் அபூர்வமாக மீன்முள் குத்திய ஓட்டை, பைக்குள் கல், கார்சினாய்டு கட்டி. சந்தேகப்பட்டால்தானே தேடுவோம்! தழும்பில்லாத அடைப்பு என்றாலே இனி எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரவேண்டும்.

ஜூலை 12
காற்று பிரிந்தது. கஞ்சி ஆரம்பித்தாயிற்று. "புள்ளைங்களுக்கும் இருக்குமா டாக்டரம்மா?" பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை, ஸ்கேன் எல்லாம் வேண்டாம் என்றேன். அந்த அம்மா அப்போதுதான் சரியாக மூச்சு விட்டார்.

ஜூலை 16
பயாப்சியில் கட்டி இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'மெக்கெல் பை நீக்கப்பட்டது' என்பதற்குக் கீழே, 'குடல்வால் (அப்பென்டிக்ஸ்) எடுக்கப்படவில்லை' என்றும் எழுதி அடிக்கோடிட்டேன்; இனி தழும்பைப் பார்ப்பவர்கள் அதையும் எடுத்தாயிற்று என்று நினைத்துவிடக்கூடாது.