பந்து வருவதற்கு முன்னால்

குளுவாங் பக்கத்துத் தோட்டத் திடலில் தொடங்கி, பதினாறு ஆண்டு சம்பளத்துக்குக் காற்பந்து ஆடியவன் நான். எப்போதும் நடுத்திடல்தான். அடிக்கிறவன் காலில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். இப்போது ஜொகூர் பாருவில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. விடியலில் மரம், சாயங்காலம் திடல். தோட்டத்துக் குழுவுக்கு நெடுங்காலம் நடுவில் நின்றவர். மாஸ்டர் என்போம். 1991-இல் ஜொகூர் அணி லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்து வென்றபோது எனக்குப் பதினான்கு வயது. லயம் முழுக்கக் கோல் அடித்தவர்களைப் பற்றியே பேச்சு. மாஸ்டர் மட்டும், “அந்தப் பந்து யாரு கால்லேர்ந்து கிளம்புச்சு, பாத்தியாடா?” என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை.

பதினேழு வயதில் முதல் பெரிய ஆட்டம். எங்கள் கோலைப் பார்த்தபடி பாஸ் வாங்கினேன். பின்னால் ஆள் வந்தது தெரியாது. பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டான். ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றக்கூட மனம் வரவில்லை. மாஸ்டர் திட்டவில்லை. மறுநாள் என்னை நடுவில் நிறுத்தி, முன்னால் ஒரு பையனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, அவர் எனக்குப் பின்னால் போய் நின்றார். பந்து உருண்டு வருகிற நேரத்துக்குள் தோளுக்கு மேலே திரும்பி, அவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்ல வேண்டும். இடத்தோள் ஒரு தடவை, வலத்தோள் ஒரு தடவை. விரலைப் பார்த்தால் பந்து தவறும். பந்தைப் பார்த்தால் விரல் தவறும். சரியாக வர எனக்கு ஏழு மாதம் ஆனது. பந்து வந்தபின் யோசிக்கிறவனுக்கு நடுத்திடலில் இடமில்லை என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது.

அடுத்தது பாஸின் கனம். பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கவிழ்த்து வைத்துப் பதினைந்து தப்படி தள்ளி நிற்கச் சொல்வார். பந்து போய் மங்கைத் தொட்டு நிற்க வேண்டும், மங்கு நகரக்கூடாது. நான் ஓங்கி உதைப்பேன், மங்கு புல்லில் உருளும். “பட்டைய மெல்லிசா சீவணும்டா. கத்தி ஆழமா எறங்குனா மரத்துக்குக் காயம், மேலாப்புல ஓடுனா பால் வராது” என்பார். அவர் கையில் காய்ப்பு ஏறி, விரல்கள் கத்திப் பிடிக்கு வளைந்தபடியே இருக்கும். அந்தக் கை என் கணுக்காலைப் பிடித்து, உட்பாதத்தின் நடு எலும்பு பந்தில் படும்படி திருப்பிவிடும். அந்தப் பிடியின் அழுத்தம் இன்னும் என் காலில் இருக்கிறது.

நம் ஊரில் சாயங்கால மழைதான் பெரிய பாடம். மாட்டுப்புல் அகல இலைப் புல். நீளமாக வளர்ந்துவிட்டால் பந்தை இழுத்துப் பிடிக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் தரைப்பாஸ் பாதியிலேயே நின்றுவிடும். ஆட்டத்துக்கு முன் திடலைச் சுற்றி நடந்து எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்த்துவைக்க வேண்டும். அங்கே மட்டும் பந்தைச் சற்றுத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஓர் அரையிறுதியில் தோற்றிருக்கிறேன்.

லார்க்கின் திடலில் ஜே.டி.டி. (ஜொகூர் டாருல் தக்சிம்) ஆடிய நாட்களில் நான் பந்தைத் தொடர்ந்து பார்ப்பதே இல்லை. அவர்களின் நடுத்திடல் ஆட்டக்காரர் ஹாரிஸ் ஹாருனின் தலையைப் பார்ப்பேன். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதே அவர் கண் இந்தப் பக்கம் வந்துபோகும். 2015 அக்டோபர் 31-இல் துஷான்பேயில் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் குழுவை 1-0 என்று வென்று ஏஎஃப்சி கிண்ணத்தை எடுத்தார்கள். தென்கிழக்காசியாவிலிருந்து அதைத் தொட்ட முதல் குழு. வெலாஸ்குவெஸ் அடித்த கோலுக்கு மாமாக் கடையே எழுந்து நின்றது. எனக்கோ, மிச்ச நேரம் முழுக்க அந்த ஒரு கோலை நடுவில் நின்று காத்தவர்கள் மேல்தான் கண். அப்போதைய கேப்டன் சாஃபிக் ரஹிம் பந்தை நிறுத்தி, ஆட்டத்தின் வேகத்தையே குறைப்பார். அவசரப்படாமல் இருப்பதையும் பழகித்தான் பெற வேண்டும்.

நம் பிள்ளைகள் முன்மாதிரியாக மலேசிய ஆட்டக்காரர் எஸ். குணாளனைச் சொல்வார்கள். சந்தோஷம். ஆனால் அவர் ஓட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். விளிம்பில் தாக்கி ஆடிப் பெயர் எடுத்தவர், பிறகு வலப்புறத் தற்காப்புக்கு இறங்கி, அதையும் முதலிலிருந்து பழகினார். அதைப் பாருங்கள் என்பேன்.

கற்க வருகிறவர்கள் புது பூட்ஸ் வாங்க வேண்டாம். சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திடலில் இருப்பேன். மழை என்றாலும் வாருங்கள். மாஸ்டரின் மங்கு என் பையில்தான் இருக்கிறது. விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருக்கும், அது நான் உடைத்தது.