இந்தப் பொன்னாங்கண்ணி எந்தக் குளத்துக் கரையில் முளைத்தது?

பேரூர் பட்டீஸ்வரர் கோயிலைத் தாண்டி நொய்யலையொட்டிக் கிழக்கே வந்தால், மலைக்காற்று முதுகில் சில்லென்று படும். உக்கடம் நெருங்க நெருங்க அந்தக் காற்றில் சாக்கடை வாசனையும் கலந்துவிடுகிறது. வழி நெடுக மாறாதது ஒன்றுதான். வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு, குளக்கரை என ஈரம் கண்ட இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்திருக்கிறது பொன்னாங்கண்ணி.

"கண்ணுக்குக் குளிர்ச்சிங்க" என்று சொல்லித்தான் கோவைச் சந்தைகளில் இந்தக் கீரையை விற்பார்கள். வெறும் பேச்சல்ல. இலையில் பார்வைக்கு வேண்டிய பீட்டா கரோட்டினும் லூட்டீனும் உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் கீரையில் கால்சியம் 510 மில்லிகிராம், புரதம் 5 கிராம். ஸ்டிக்மாஸ்டெரால், லூப்பியால் போன்ற வேதிப்பொருள்களும் இதில் இருக்கின்றன. சித்த மருத்துவத்தில் தலைக்குத் தேய்க்கப் பொன்னாங்கண்ணித் தைலமே தனியாக உண்டு.

இந்தத் தாதுக்களையெல்லாம் செடி வேர் வழியாகத்தான் எடுக்கிறது. சிக்கலும் அங்கேதான். கால்சியத்தை உறிஞ்சும் அதே வேர், தண்ணீரில் ஈயமும் காட்மியமும் கலந்திருந்தால் அவற்றையும் உறிஞ்சிவிடும். இந்தக் குணத்துக்காகவே கழிவுநீரைச் சுத்தப்படுத்தப் பொன்னாங்கண்ணியைப் பயன்படுத்தலாமா என்று ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். தண்ணீருக்கு அது நல்ல சேதி. பொரியல் சட்டிக்கு அல்ல!

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாமே நொய்யல் தண்ணீருக்காக வெட்டப்பட்டவை. நகரம் வளர, வீட்டுச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் அவற்றில் சேர்ந்தன. கரையில் நடைபாதையும் செல்ஃபி மேடையும் வந்துவிட்டன. ஆனால், அடியில் பல காலமாகப் படிந்த வண்டல் அதனால் மாறிவிடாது. இலைக்கீரையில் ஒரு கிலோவுக்கு ஈயம் 0.3, காட்மியம் 0.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ். செடிக்குள் போன உலோகம் கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் அழியாது.

குளக்கரையில் இன்னொரு குழப்பமும் உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த முதலைக்களை, பார்ப்பதற்குப் பொன்னாங்கண்ணியின் அண்ணன் மாதிரியே இருக்கும். தண்டைக் கிள்ளினால் உள்ளே குழல்போல வெற்றிடம். பூவுக்குத் தனிக் காம்பு. நம் நாட்டுப் பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூ, காம்பே இல்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் தீராதவர்களுக்கு, 1955 முதல் கோவையில் இயங்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில், உலர்த்திப் பாதுகாக்கும் தாவர மாதிரிகளின் பெரிய தொகுப்பே இருக்கிறது.

கீரை வாங்கும்போது, "எந்த ஊர்த் தோட்டமுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கிணற்றுத் தண்ணீரா, குளத்துத் தண்ணீரா என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். சமைத்ததுபோக மிஞ்சும் தண்டில் நாலு கணுவை மொட்டைமாடித் தொட்டியில் ஊன்றி வைத்தால் சில நாளில் துளிர்த்துவிடும். கோவைக்காரர்களுக்கு ஊற்றச் சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது.