ரிச்சி தெருவுக்குச் செல்லுமுன்

சென்னை அண்ணா சாலையில், அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உள்ளது ரிச்சி தெரு. அருகிலுள்ள நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு ஆகியவற்றையும் சேர்த்தே மக்கள் அப்பெயரால் அழைக்கின்றனர். முன்னர் வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றிருந்த இவ்விடம், இன்று பெரும் கணினிச் சந்தை.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் பொதுவாக நிறுத்திக்கொண்டது. அதனால் பல வீடுகளில், ஓடிக்கொண்டிருக்கும் கணினியையே மாற்ற வேண்டிய நிலை. பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்கிய சிறு தொகையுடன் இங்கு வருவோர் சற்று நிதானிக்க வேண்டும்.

அலுவலகங்கள் கழித்த கணினிகளைச் செப்பனிட்டு விற்கும் கடைகள் இங்குண்டு. புதியதைவிட விலை மிகக் குறைவு, உறுதியும் குறைவதில்லை. ஆயினும் "ஐ5" என்ற பெயரை மட்டும் கண்டு மயங்கிவிடாதீர்கள். அதனை அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 8500 எனில் எட்டாம் தலைமுறை. 6500 எனில் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதற்கொண்டே. அதற்கு முந்தியவற்றிலும் குறுக்கு வழியில் அதனை நிறுவித் தருவோர் உண்டு. திரையில் தெரிவதை நம்பிப் பணம் கொடுத்தால், பின்னர் வருந்த நேரிடும்.

நினைவகம் 8 ஜிபியும், சேமிப்புக்கு எஸ்எஸ்டியும் இருத்தல் நலம். பழைய திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் வாங்கினால் செலவு குறையும். ஆனால் பழைய திரையின் விஜிஏ இணைப்புக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். ரசீதில் வரிசை எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருக்கட்டும்.

இவையனைத்துக்கும் முன், வீட்டிலுள்ள கணினியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதன் வேகக் குறைவுக்குப் பழைய ஹார்டு டிஸ்கே காரணமாயின், எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, கட்டணமில்லாத லினக்ஸை நிறுவினால் போதும். பாடம் படிக்கவும் கடிதம் எழுதவும் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மிஞ்சும் தொகை பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுமே!