ஏலகிரி ஏரிக்கு ஓர் இரவுப் பயணம்

சென்ற புரட்டாசித் திங்களில் நமக்கு இரண்டு நாள் விடுப்புக் கிட்டிற்று. ஏலகிரி மலைமேல் நடந்தே ஏறிப் புங்கனூர் ஏரியருகில் ஓர் இரவு தங்கி வருவதென்று நாமும் நம் மைத்துனரும் முடிவு செய்தோம். ஸ்கெலட்டனிலுள்ள நமது லைன் வீட்டில் இச்செய்தி தந்தையார் காதில் விழாமல் காப்பதே பெரும்பாடாயிற்று. அவர் இருபத்தைந்து ஆண்டுகள் சுரங்கத்தினுள் இறங்கி உழைத்தவர்; 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வெளியே வந்தவர். கல்தூசி படிந்த நெஞ்சின் வருத்தத்தைத் தங்கவயல் அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. மேடு ஏறுவதில் எச்சரிக்கை வேண்டும் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். ஆதலால், 'வெளியூரில் இரண்டு நாள் டூட்டி' என்று ஒரு பொய் சொன்னோம்.

மறுநாள் விடியுமுன் மாரிகுப்பம் நிலையத்தை அடைந்தபோது, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சியில் அமர்ந்திருந்தார் தந்தையார். கையில் ஜோலார்பேட்டைக்கு டிக்கெட். நம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவரே விவரத்தை உளறியிருக்கிறார்! தந்தையார் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "டூட்டிக்குப் போகிறவன் கம்பளி எதற்கடா எடுத்தாய்?" என்று மட்டும் கேட்டார். நமக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் வரத் துடித்ததற்குக் காரணம் உண்டு. நம் பாட்டியார் வாணியம்பாடிப் பக்கத்தவர். வாசலில் நின்று அம்மலையைப் பார்த்தே வளர்ந்தவர். ஆயினும் ஒருநாளும் ஏறியதில்லை. தங்கவயலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின், மலைமேல் ஓர் ஏரி உண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது சொல்வாராம். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் பலவற்றிலும் இத்தகைய பேச்சு இருந்திருக்கும்.

பங்காரப்பேட்டையில் வண்டி மாறினோம். கருநாடகத்தில் புறப்பட்டு, ஆந்திரத்துக் குப்பத்தைக் கடந்து, தமிழகத்து ஜோலார்பேட்டையில் இறங்குவதற்குள் மூன்று மாநிலங்கள் ஆகிவிடுகின்றன. அங்கிருந்து பஸ் ஏறிப் பொன்னேரி சேர்ந்தோம். ஒற்றையடிப் பாதையில் ஏறும் எண்ணத்தைக் கைவிட்டு, தந்தையாருக்காகச் சாலை வழியே நடந்தோம். அச்சாலையில் கொண்டையூசி வளைவுகள் பதினான்கு. அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை இட்டிருக்கிறார்கள். தந்தையாரோ அப்பெயர்களைப் பாராமல், "இது மூன்றாவது லெவல், இது நாலாவது லெவல்" என்று சுரங்கக் கணக்கிலேயே எண்ணிக்கொண்டு வந்தார்.

பாரி வளைவில் அவருக்கு மூச்சு முட்டிற்று. மதகுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு வெளுத்துவிட்டது. மைத்துனர் விசிறினார், நாமோ செய்வதறியாது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பொய் சொன்னதைவிட, அவரை அழைத்து வந்ததே பெருங்குற்றமென்று அப்போது தோன்றிற்று. முல்லைக்குத் தேர் ஈந்தவன் பெயர் தாங்கிய இடமாயிற்றே, ஒரு வண்டியும் வராதா என்று ஏங்கினோம். வந்தது. காய்கறி ஏற்றிய வேன் ஓட்டுநர் தாமே நிறுத்தி, "பெரியவரே, ஏறுங்கள்" என்றார். தந்தையார் கண் திறந்து, "கேஜில் ஏறி இறங்கியே காலம் போயிற்று. இன்றைக்கு நடக்கிறேன் ஐயா" என்று கூறிவிட்டார். அரைமணி நேரம் அங்கேயே இருந்தோம். கீழே சரக்கு வண்டியொன்று மரவட்டை போல ஊர்ந்தது. நாம் பழக்கதோஷத்தால் பெட்டிகளை எண்ணலானோம்; அதுகண்டு அவர் நகைத்தார். அந்நகைப்பிற்குப் பின்னரே நமக்கு உயிர் வந்தது.

மேலே சேர்கையில் அந்தி மயங்கி மழையும் பிடித்துக்கொண்டது. மலைவாசி ஒருவர் தம் வீட்டுத் திண்ணையை ஒழித்துக் கொடுத்தார். அம்மக்களை மலையாளிகள் என்பர். கேரளத்தார் அல்லர், தமிழ் பேசும் பழங்குடியினர். சாமைச் சோறும் சுடச்சுடக் கொள்ளு ரசமும் கிடைத்தன. குளிர் கடுமையாக இருந்தது. தந்தையாரின் இருமல் ஓய்கிறதா என்று கேட்டுக்கொண்டே நாம் உறங்காதிருந்தோம். டூட்டி என்று சொன்ன பொய் ஒருவாறு மெய்யாயிற்று.

விடியலில் ஏரிக்குச் சென்றோம். படகுகள் கட்டிக் கிடந்தன. நீர்மேல் பனிமூட்டம் அசையாது நின்றது. இயற்கை ஏரியன்று, கரை கட்டி நீர் தேக்கியதே. பெரிய ஏரியுமன்று, நம் பேத்தமங்கலம் ஏரியைக் கண்டவர்களுக்கு இது குட்டையாகவே தோன்றும். தந்தையார் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் அளவு இறங்கி நெடுநேரம் நின்றார். பின்னர், "அம்மா சொன்னது இதைவிடப் பெரிதாக இருந்தது" என்றார். சிறிது பொறுத்து, "அவள் பார்க்காமல் சொன்னாள் அல்லவா" என்றும் கூறினார்.

இறங்கும்போது மறுப்பேதும் சொல்லாமல் பஸ்ஸில் ஏறினார். வண்டி ஊரிகத்தைத் தாண்டுகையில், சன்னலுக்கு வெளியே சயனைடு மேடுகளைப் பார்த்தபடியே நம்மிடம் கேட்டார்:

"ஐப்பசியில் மறுபடி உனக்கு இரண்டு நாள் டூட்டி விழுமா?"