பாத்தி உப்பும் கோமாளி மீனும்

இரும்பையில் என் அக்கா மகன் கடல்மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்றதும் அவன் மனம் முதலில் போனது மரக்காணத்து உப்புக்குத்தான். பக்கத்திலேயே மூட்டை மூட்டையாக விளையும்போது, தொட்டிக்கென்று விற்கும் விலையுயர்ந்த உப்புக் கலவை எதற்கு என்று கேட்டான். நியாயமான கேள்வி. உப்பு விளைவிப்பவர்களிடமே கேட்கலாம் என்று அவனை அளத்துக்குக் கூட்டிப்போனேன்.

காலை வெயில் ஏறுமுன்பே வேலை பாதி முடிந்திருந்தது. பாத்தியின் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினால்தான் உப்பில் சேறு ஏறாது. மிதிக்கிற கால்களில் வெடிப்பு ஆறுவதேயில்லை. வெள்ளையில் எதிரொளிக்கும் வெயில் கண்ணையும் விடுவதில்லை. ஐப்பசி மழை வந்துவிட்டால் கூலியும் நின்றுபோகும். நாம் ஒரு சிட்டிகையாய் அள்ளுவதற்குப் பின்னால் இவ்வளவு உடம்பு தேய்கிறது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவரிடம் மருமகன் கேட்டுவிட்டான். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். “இங்க வெளையறது உப்பு மட்டும்தான் தம்பி. மத்ததெல்லாம் முன்பாத்தியிலேயே படிஞ்சிடும். கடைசியில நிக்கிற கசப்புத் தண்ணிய நாங்களே வெட்டி விட்டுடுவோம்.”

வேதியியலும் அதையேதான் சொல்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சோடியம் குளோரைடு ஏறக்குறைய 27 கிராம். நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிகின்றன. அதற்குப் பிறகே கல்லுப்பு. மக்னீசியம் கசப்புத் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. கால்சியமும் மக்னீசியமும் போன உப்பை மறுபடி கரைத்தால் கடல் திரும்பி வராது. நல்ல உப்பு எடுக்கும் தொழிலின் திறமையே மற்றதையெல்லாம் பிரித்துத் தள்ளுவதில்தான் இருக்கிறது.

மீனைப் பற்றிக் கேட்க, புதுச்சேரிக்குத் தெற்கே வீட்டுக்கொல்லையில் கோமாளி மீன் வளர்க்கும் ஒருவரிடம் போனோம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த மீனைத் தொட்டியிலேயே பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். ஜோடி மீன் ஓட்டுத்துண்டில் முட்டையிடும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், விளக்கணைந்த பின் இருட்டில் பொரியும். கண்ணுக்கு எட்டாத ரோட்டிஃபரை முதல் தீனியாகக் கொடுக்க வேண்டும். அடுத்து ஆர்ட்டிமியா, உப்பளத்துக் கரிப்பு நீரில் வாழும் இறால் போன்ற சின்னஞ்சிறு உயிரி. வேளை தவறினால் குஞ்சுகள் பிழைக்காது. ராத்தூக்கத்தைக் கொடுத்துச் செய்யும் தொழில் இது.

“தொட்டி வச்சு எத்தனை நாளாச்சு?” என்றார். இன்னும் வைக்கவில்லை என்றான். “அப்ப இன்னிக்கு மீன் கெடையாது.” கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியைத் தொட்ட பிறகு வரச் சொன்னார். கையில் பணத்தோடு நிற்பவனைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர் சொல்வதை நான் நம்புவேன்.

கடையில் வாங்கினால் மீன் எங்கிருந்து வந்தது என்று கேள், கண்முன்னே தீனி போடச் சொல்லிப் பார் என்றார். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அப்படிப் பிடித்த மீன் பளபளப்பாக இருந்துவிட்டுச் சில வாரங்களில் செத்துப்போகலாம்; பவளமும் சாகும். அதற்காகக் கடலில் பிடிப்பவர் எல்லாரையும் பழிக்க எனக்கு மனமில்லை. இலங்கையில் கற்பிட்டி, திருகோணமலைப் பக்கம் முக்குளித்து வலையால் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் கடல் குதிரையையும் கல் பவளத்தையும் யார் நீட்டினாலும் தொடக்கூடாது. 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். வாங்கும்போது இரண்டையும் குஞ்சாகவே, ஒரே நாளில் வாங்க வேண்டும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் வளரும். இருப்பதில் பெரியது பெண்ணாகிவிடும். ஏற்கெனவே பெண்ணாகிவிட்ட இரண்டைச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றைக் கடித்தே கொன்றுவிடும்.