கழித்தலும் கூட்டலும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்வோர் கண்ணில் இரு பெரும் படைப்புகள் படாமற் போவதில்லை. ஒன்று, 192 அடி உயர்ந்து நிற்கும் ஆண்டாள் கோயிற் கோபுரம். மற்றொன்று, மரச் சிற்பங்கள் செறிந்த பெருந்தேர். கோபுரம் நிலைமேல் நிலையாகக் கூட்டி எழுப்பப்பட்டது. தேர்ச் சிற்பமோ, வேண்டாத மரத்தை உளி கழிக்கக் கழிக்க வெளிப்பட்டது.

கழித்தலா, கூட்டலா என்னும் அதே வினா, அண்டை ஊரான இராஜபாளையத்தில் இன்று குடும்ப வினாவாக எழுகின்றது. 1936இல் இராஜபாளையம் மில்ஸ் தோன்றிய காலந்தொட்டு நூற்பாலைகள் பெருகிய ஊர் அது. தேய்ந்த புஷ், முறிந்த பற்சக்கரம், வளைந்த ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு மாற்றுச் செய்து பிழைப்பவை லேத் பட்டறைகள். அத்தகைய பட்டறையில், “அத்தா, இந்த லேத்தை விற்றுவிட்டு முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்குவோமே!” என்கிறான் படித்து வந்த மகன். “சோறு போட்ட இயந்திரத்தையா விற்பது?” என்கிறார் தந்தை. இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதே நம் எண்ணம்.

முதலில் மகன் பக்கத்தைப் பார்ப்போம். இவ்வூருக்கு நிழல் தரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ளது மகேந்திரகிரி. அங்கு 2024 மே 9 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், அச்சு முறையில் உருவான ராக்கெட் எஞ்சின் ஒன்றை 665 விநாடிகள் எரித்துச் சோதித்தது. உலோகப் பொடியை லேசர் கதிரால் படலம் படலமாக உருக்கிச் சேர்ப்பது அம்முறை. பதினான்கு உறுப்புகள் ஒன்றாயின. பத்தொன்பது பற்றவைப்புகள் தேவையற்றுப் போயின. பழைய முறையில் 565 கிலோ உலோகம் வேண்டியிருந்த இடத்தில் 13.7 கிலோ பொடியே போதுமானதாயிற்று. வீண் விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் இக்கணக்கைப் புறக்கணிக்க இயலுமா?

ஆயினும் தந்தையின் அனுபவமும் பொய்யன்று. லேத்தில் சீவப்படும் இரும்புச் சுருள் பழைய இரும்பாக விற்கப்பட்டு மீண்டும் உலைக்கே செல்கிறது. சிறு பட்டறையால் வாங்கக்கூடிய அச்சு இயந்திரம் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்குவது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடைப்பட்ட பிணைப்பே அதன் பலவீனம். தேர்ந்த கை லேத்தில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை அளவைப் பிடிக்கும். அவ்வியந்திரத்துக்கு அது எளிதன்று. உலோகத்தில் அச்சிட்ட உறுப்பும் கூட, துல்லியம் வேண்டிய இடங்களில் இறுதிக் கடைசலுக்கே வருகிறது.

ஆகவே, எது புதியது என்று கேட்பதைவிட, செய்யவேண்டிய பொருளைக் கேட்பதே முறை. அது சுமை தாங்குமா? உட்புறம் வளைந்து செல்லும் துளைகள் உண்டா? எத்தனை வேண்டும்? சுழலும் ஷாஃப்டுக்கு லேத்தே தகும். உற்பத்தி நின்றுபோன பழைய இயந்திரத்தின் மூடி ஒன்றே ஒன்று வேண்டுமாயின் அச்சு தகும்.

இங்கே அமானிதமும் அடங்கியிருக்கிறது. எஃகு வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் பற்சக்கரத்தை, காண்பதற்கு ஒன்றுபோல் உள்ளது என்று மாட்டிக் கொடுத்தால், அது முறியும் நேரத்தில் அருகிலிருப்பது ஒரு தொழிலாளியின் கை. வாங்குவோரிடம் செய்முறையை மறைப்பது வாணிபமாகாது.

தாவூது நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த இறைவன், கவசத்தின் வளையங்களை அளவறிந்து செய்யும்படியும் பணித்தான் என்று அருள்மறை கூறுகின்றது. இரும்பு இளகியபின்னும் அளவு தேவைப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

லேத்தை விற்கவேண்டாம், மகனின் ஆசையையும் தடுக்கவேண்டாம். ஓரமாகச் சிறிய அச்சு இயந்திரம் ஒன்று அமரட்டும். அத்தாவிடம் மகன் அளவு கற்கட்டும். மகனிடம் அத்தா கணினி வரைபடம் கற்கட்டும். அத்தகைய பட்டறைகளில் வல்ல அல்லாஹ் பரக்கத்தைப் பொழிவானாக!